யான்சிவில் விறகறைக் கொலை: காஸ்வெல் கவுண்டி, 1870

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வர்ஜீனியா எல்லையை ஒட்டி இருக்கிறது காஸ்வெல் கவுண்டி. கவுண்டி என்றால் நம் கணக்கில் ஒரு பெரிய தாலுகா என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதிகாரம் தாலுகாவைவிட நிறைய. வரி விதிப்பது, சாலை போடுவது, போலீஸ் வேலை பார்க்கும் ஷெரிஃபைத் தேர்ந்தெடுப்பது, ஜூரிப் பட்டியல் தயாரிப்பது எல்லாம் அந்த எல்லைக்குள்ளேயே முடிந்துவிடும். காஸ்வெலின் தலைமையிடம் யான்சிவில் என்ற சின்ன ஊர். ஊரின் நடுவில் 1861-ல் கட்டி முடித்த நீதிமன்றக் கட்டடம். அதன் தூண்களின் உச்சியில் மக்காச்சோளமும் புகையிலை இலையும் செதுக்கியிருப்பார்கள். கட்டடம் இன்றும் நிற்கிறது.

1870 மே 21, சனிக்கிழமை. அந்தக் கட்டடத்தின் மாடியில், பழைய வெள்ளையர் ஆதிக்கத்தை மீட்க நினைத்த கன்சர்வேடிவ் கட்சியின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் கீழ்த்தளத்தில் விறகு போட்டு வைத்திருந்த ஓர் அறையில், பதவியில் இருந்த மாநில செனட் உறுப்பினர் ஒருவரைக் கழுத்தில் கயிறு போட்டு இறுக்கி, கத்தியால் குத்திக் கொன்றார்கள். பட்டப்பகல், ஊர் முழுக்கக் கூட்டம். யார் செய்தார்கள் என்று பெயரோடு வெளியே வந்தது 1935-ல். இடைப்பட்ட 65 வருடத்தில் இந்தக் கொலைக்காக ஒருவருக்குக்கூட தண்டனை கிடைக்கவில்லை. தண்டனை பெற்ற ஒரே ஆள், கொலைகாரர்களைப் பிடிக்கப் படை அனுப்பிய ஆளுநர்.

சட்டம் இல்லாத காடாக இருந்ததால் கொலைகாரர்கள் தப்பினார்கள் என்று சொல்லிவிடலாம். காஸ்வெலில் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. சட்டம் அங்கே ஒழுங்காகத்தான் வேலை செய்தது, யாருக்காக என்பதுதான் கேள்வி.

புகையிலை நாடு

காஸ்வெல் ஏழைப் பிரதேசம் இல்லை. 1839-ல் அபைஷா ஸ்லேடு என்பவரின் பண்ணையில் அடிமையாக இருந்த ஸ்டீபன் என்பவர் புகையிலை பதம் பண்ணும்போது தூங்கிப்போனார். நெருப்பு தணிந்துவிட்டது. அவசரத்தில் கரியை அள்ளிப் போட, திடீர்ச் சூட்டில் இலை பொன்மஞ்சள் நிறத்துக்கு வந்தது என்பது அந்த ஊர்ச் செய்தி. பிற்பாடு அமெரிக்க சிகரெட் தொழிலே நம்பி நின்ற ‘பிரைட் லீஃப்’ புகையிலையின் தொடக்கம் இதுதான் என்கிறார்கள். அந்த இலையில் வந்த பணத்தில்தான் ஊரில் பெரிய வீடுகள் எழுந்தன. 1861–65 உள்நாட்டுப் போருக்கு முன்பு காஸ்வெல் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் அடிமைகள்.

போருக்கு முன் கவுண்டியை நடத்தியது ‘கவுண்டி கோர்ட்’ என்ற அமைப்பு. அதில் உட்கார்ந்த நீதிபதிகளை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. நியமனம், அதுவும் ஆயுள் முழுக்க. நிலமும் குடும்பப் பெயரும் உள்ளவர்களே அந்த நாற்காலியில் இருந்தார்கள். 1865-ல் அடிமைமுறை போன பிறகும் இந்த அமைப்பு உடனே போகவில்லை. அதன் பிடி எவ்வளவு என்பதற்கு ஓர் உதாரணம்: ஒரு கறுப்பினக் குழந்தையை ‘தொழில் பயிற்சி’ என்ற பெயரில் பழைய எஜமானரின் வீட்டிலேயே 21 வயது வரை கட்டிப்போட உள்ளூர் கோர்ட் உத்தரவிட முடிந்தது. தாய் தகப்பன் உயிரோடு இருந்தும், அவர்களைக் கேட்காமலே. 1866-ல் மாநிலம் போட்ட சட்டப்படி, கறுப்பினத்தவர் சாட்சி சொல்வதே தங்கள் இனத்தவர் சம்பந்தப்பட்ட வழக்கில் மட்டும்தான்.

1867-ல் வாஷிங்டன் நாடாளுமன்றம் மறுகட்டமைப்புச் சட்டங்களைக் கொண்டுவந்தது. தெற்கு மாநிலங்கள் ராணுவ மேற்பார்வையில் வந்தன, கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1868-ல் எழுதிய புதிய மாநில அரசியலமைப்பு கவுண்டி கோர்ட்டைக் கலைத்துவிட்டு, கவுண்டிக்கு ஐந்து கமிஷனர்களை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்றது. காஸ்வெலில் இருந்து அதை எழுதிய மாநாட்டுக்குப் போனவர்களில் வில்சன் கேரி என்ற கறுப்பின உறுப்பினரும் ஒருவர். பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர் வாழும் கவுண்டியில் கமிஷனரைத் தேர்தலில் எடுப்பது என்றால் என்ன ஆகும்? நீதிமன்றக் கட்டடத்தின் சாவி கைமாறும். வரிக்கணக்கும் ஜூரிப் பட்டியலும் அதோடு சேர்ந்து போகும். அடுத்த மூன்று வருடச் சண்டை அந்தச் சாவிக்கான சண்டை. கொள்கை, கட்சி, இனப்பெருமை என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள்.

‘கோழி’ ஸ்டீபன்ஸ்

ஜான் வால்டர் ஸ்டீபன்ஸ் பெரிய குடும்பத்துப் பிள்ளை இல்லை. 1834-ல் கில்ஃபோர்ட் கவுண்டியில் பிறந்தவர். குதிரைச் சேணம் தைத்தார், புகையிலை வாங்கி விற்றார். போர் முடிந்த சமயத்தில் பக்கத்து ராக்கிங்ஹாம் கவுண்டியில் வென்ட்வொர்த் என்ற ஊரில் இருந்தபோது, அண்டை வீட்டுக் கோழிகளைக் கொன்றார் என்று தகராறு வந்து லாக்கப் வரை போனது. வெளியே வந்ததும் சண்டை முற்றி, அவர் சுட்டதில் இரண்டு பேர் காயமடைந்தார்கள். அதோடு ‘கோழி’ ஸ்டீபன்ஸ் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் செனட்டில் என்ன செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. கோழி மட்டும் வட கரோலினாவில் நூறு வருடம் உயிரோடு இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு வரலாற்றாசிரியர்கள் பலர் இந்தக் கோழியைச் சொல்லாமல் கொலையைச் சொன்னதே இல்லை. செத்தவன் திருடன் என்று முதலில் நிறுவிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்தானே.

யான்சிவிலுக்கு வந்தபின் ஸ்டீபன்ஸ் விடுதலையான அடிமைகளுக்கு உதவ மத்திய அரசு அமைத்த விடுதலையானோர் நல அலுவலகத்தின் ஏஜென்டாக வேலை பார்த்தார். கறுப்பின வாக்காளர்களைத் திரட்டிய யூனியன் லீக் அமைப்பில் முன்னால் நின்றார். 1868-ல், கறுப்பினத்தவர் வாக்குரிமையை ஆதரித்த ரிபப்ளிகன் கட்சி சார்பில் மாநில செனட்டுக்குப் போனார். உள்ளூர் மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். வெள்ளையராக இருந்துகொண்டு கறுப்பினத்தவர் பக்கம் நின்றவர், அதுவும் கீழ்த்தட்டிலிருந்து வந்தவர். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு இது இரட்டை எரிச்சல். ஆளுநர் வில்லியம் ஹோல்டனுக்கு உளவு சொல்கிறார், ஆட்களைத் தூண்டிவிட்டுக் கொட்டகைகளுக்கு நெருப்பு வைக்கச் சொல்கிறார் என்றெல்லாம் பேச்சு. நெருப்பு எரிந்தது உண்மை. அவர் வைக்கச் சொன்னார் என்பதை எந்த நீதிமன்றத்திலும் யாரும் நிரூபித்ததில்லை.

தனக்கு ஆபத்து என்று ஸ்டீபன்ஸுக்குத் தெரியும். வீட்டுக் கதவு ஜன்னல்களைப் பலப்படுத்தினார். ஆயுள் காப்பீடு எடுத்தார். துப்பாக்கி இல்லாமல் வெளியே போவதில்லை. 36 வயதுகூட நிறையாத ஆள்.

பயத்துக்குக் காரணம் பக்கத்திலேயே இருந்தது. தெற்கே அடுத்த கவுண்டியான அலமான்ஸில் பிப்ரவரி 26-ம் தேதி இரவு கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளையர் ரகசிய வன்முறை அமைப்பின் ஆட்கள் வயட் அவுட்லாவை வீட்டிலிருந்து இழுத்துவந்து தூக்கில் போட்டார்கள். அவர் கிரஹாம் ஊரின் கறுப்பினத் தலைவர், நகர கமிஷனர். தூக்கு மாட்டிய இடம் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த எல்ம் மரம். ஊரில் வேறு மரமே இல்லையா? கொன்றது யார் எனத் தெரியும் என்று சொன்ன வில்லியம் பியூரியர் என்ற கறுப்பினத்தவர் காணாமல் போனார். பிறகு ஒரு குளத்தில் பிணமாகக் கிடைத்தார்.

மே 21

கன்சர்வேடிவ் கூட்டத்துக்கு ஸ்டீபன்ஸ் போனது குறிப்பெடுக்க. எதிர்க்கட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்து யார் என்ன பேசுகிறார் என்று எழுதுவது அன்று புதிதல்ல. அதோடு இன்னொரு வேலையும் இருந்தது. ஃபிராங்க் வைலி என்பவர் முன்னாள் ஷெரிஃப், கன்சர்வேடிவ். ஆனாலும் ஊரில் நல்ல பெயர். அவரை இரு தரப்பும் ஏற்கும் வேட்பாளராக ஷெரிஃப் பதவிக்கு மறுபடியும் நிறுத்தினால் சண்டை தணியும் என்று ஸ்டீபன்ஸ் கணக்குப் போட்டிருந்தார். சமாதானத்துக்காக எதிர்த்தரப்பு ஆளையே ஆதரிக்கத் தயாராக இருந்தார். ‘வா, கீழே தனியாகப் பேசலாம்’ என்று வைலி அழைத்தபோது அவர் நம்பிப் போனதற்குக் காரணம் அதுதான். பேசவேண்டிய விஷயம் உண்மையிலேயே இருந்தது.

கீழே காத்திருந்தவர்கள் ஸ்டீபன்ஸைச் சோதித்துத் துப்பாக்கிகளைப் பறித்தார்கள். அங்கிருந்த ஜான் லீ பின்னாளில் கொடுத்த வாக்குமூலத்தின்படி, ஸ்டீபன்ஸ் விறகுக் குவியலில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இவர்கள் என்னைக் கொல்லாமல் பார்த்துக்கொள் என்று கெஞ்சினார். அதற்குள் மிச்சல் என்பவர் கயிற்றோடு பாய்ந்து கழுத்தில் மாட்டி, மார்பில் காலை ஊன்றி இழுத்தார். ஆலிவர் என்பவர் மார்பிலும் கழுத்திலும் குத்தினார். கத்தியைக் காலடியில் போட்டுவிட்டு, கழுத்தில் கயிறை அப்படியே விட்டு, அறையை வெளியே பூட்டி, சாவியை கவுண்டி லைன் க்ரீக் ஓடையில் வீசிவிட்டுப் போனார்கள்.

ஸ்டீபன்ஸ் வீடு திரும்பவில்லை என்றதும் தேட ஆரம்பித்தார்கள். உடல் கிடைத்தது மறுநாள் ஞாயிறு காலையில். உடனே கன்சர்வேடிவ் தரப்பிலிருந்து ஒரு கதை கிளம்பியது: கட்சிக்கு அனுதாபம் தேட ரிபப்ளிகன்களே கொன்றுவிட்டார்கள்!

சரி, இந்தக் கொலையை யார் விசாரிப்பது? ஷெரிஃப் ஜெஸி கிரிஃபித்தே, பிறகு ஆளுநர் அனுப்பிய படையால் கைதானவர்களில் ஒருவர். ஜூரியில் உட்காரக்கூடியவர்களில் எத்தனை பேர் க்ளானில் இருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. க்ளான் உறுப்பினரின் உறுதிமொழியிலேயே சக உறுப்பினருக்காக சாட்சிக் கூண்டிலும் ஜூரியிலும் நிற்பது அடக்கம் என்பது அப்போது எல்லோரும் அறிந்த ரகசியம். அந்த வட்டாரத்து நீதிபதி ஆல்பியன் டூர்ஜே வடக்கிலிருந்து வந்து குடியேறியவர், நேர்மையானவர், பிடிவாதக்காரர். நீதிபதி ஒருவர் நேர்மையாக இருந்து என்ன பயன்? சாட்சி வரவேண்டும். அலமான்ஸில் சாட்சி சொல்லத் துணிந்த பியூரியர் குளத்தில் கிடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

கிர்க்கின் படை

ஹோல்டன் பத்திரிகையாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர். போருக்கு முன் பிரிவினைக்கு வக்காலத்து வாங்கியவர், போர் நடுவில் சமாதானம் பேசியவர், போருக்குப் பின் ரிபப்ளிகன். இத்தனை முறை கட்சி மாறிய ஆளை எதிரிகள் வெறுத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவருக்கு வேறு வழியும் அதிகம் இல்லை. 1870 ஜனவரியில் மாநில சட்டமன்றம் ஷாஃப்னர் சட்டம் என்ற ஒன்றை நிறைவேற்றியிருந்தது. ஒரு கவுண்டி ‘கிளர்ச்சி நிலையில்’ இருக்கிறது என்று ஆளுநர் அறிவித்து மாநிலப் படையை அனுப்பலாம். மசோதாவைக் கொண்டுவந்த அலமான்ஸ் செனட்டர் ஷாஃப்னர் உயிருக்குப் பயந்து மாநிலத்தை விட்டே போய்விட்டார்.

ஹோல்டன் மார்ச் 7-ல் அலமான்ஸையும் ஜூலை 8-ல் காஸ்வெலையும் கிளர்ச்சிப் பகுதி என்று அறிவித்தார். படைக்குத் தலைமை ஜார்ஜ் கிர்க். டென்னசிக்காரர், போரில் யூனியன் தரப்பு, அதாவது வடக்கின் தரப்புக் கர்னல். மேற்கு மலைப்பகுதியிலிருந்தும் டென்னசியிலிருந்தும் 600-க்கு மேற்பட்ட ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார். பலர் பொடியன்கள், ஒழுக்கமும் குறைவு. வெளிமாநிலத்து ஆட்களை மாநிலப் படையில் சேர்த்தது பின்னால் ஹோல்டனின் கழுத்தைப் பிடித்தது. ஜூலை நடுவில் இரண்டு கவுண்டிகளிலுமாகச் சுமார் நூறு பேரைக் கைது செய்தார்கள். யான்சிவில் நீதிமன்றமே சிறையானது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கெர்ர் உட்பட ஊரின் பெரிய பெயர்கள் உள்ளே. வரலாற்றில் இதற்கு ‘கிர்க்–ஹோல்டன் போர்’ என்று பெயர். போர் என்று பெயர் வந்ததே தவிர, ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அலமான்ஸில் கைதானவர்களில் ஜேம்ஸ் பாய்ட் என்ற இளம் வக்கீல் தான் க்ளான் உறுப்பினர்தான் என்று ஒப்புக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர். க்ளான் உள்ளுக்குள் ஆட்டம் கண்டது. (அந்த பாய்ட் 1900-ல் மத்திய நீதிமன்ற நீதிபதியானார் என்பது இந்தக் கதையின் கிளைக்கதை.)

ஆட்கொணர்வு மனு

இங்கேதான் சட்டம் தன் வேலையைக் காட்டியது. கைதானவர்கள் மாநிலத் தலைமை நீதிபதி ரிச்மண்ட் பியர்சனிடம் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். 1868 அரசியலமைப்பு, அதாவது ரிபப்ளிகன்களே எழுதியது, ஆட்கொணர்வு உரிமையை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தி வைக்கக்கூடாது என்றது. ஷாஃப்னர் சட்டமும் அந்த அதிகாரத்தைத் தரவில்லை. ஆகவே ஆளுநர் படை அனுப்பலாம், ஆளைப் பிடிக்கலாம், பிடித்த ஆளைக் கோர்ட்டில் நிறுத்தாமல் வைத்திருக்க முடியாது. கோர்ட்டில் நிறுத்தினால் சாட்சி இல்லை. ஹோல்டன் ராணுவ ஆணையம் வைத்து விசாரிக்கலாம் என்று நினைத்திருந்தார், அது நடக்கவில்லை.

பியர்சன் மனுவை ஏற்றார். கைதிகளை ஒப்படைக்கச் சொன்னார். ஆளுநர் உத்தரவு இருக்கிறது, தரமாட்டேன் என்றார் கிர்க். உத்தரவை நிறைவேற்ற பியர்சனுக்கு இருந்த வழி, ஷெரிஃபை விட்டு ஊர் ஆண்களைத் திரட்டிக் கிர்க்கின்மேல் ஏவுவது. அந்த ஊர் ஆண்களைத்தான் ஆளுநர் கிளர்ச்சிக்காரர்கள் என்கிறார். பியர்சன் கை விரித்தார். நீதித்துறையின் பலம் இத்தோடு தீர்ந்துவிட்டது, இனிப் பொறுப்பு ஆளுநருடையது என்றார். கோழைத்தனம் என்று அன்று திட்டினார்கள். எனக்கு அது நிலைமையைச் சரியாகப் படித்த தீர்ப்பாகத்தான் படுகிறது.

கைதிகளின் வக்கீல்கள் அடுத்து மத்திய நீதிபதி ஜார்ஜ் புரூக்ஸிடம் போனார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டது அமெரிக்க அரசியலமைப்பின் 14-வது திருத்தம். சட்டமுறைப்படி அல்லாமல் எந்த மாநிலமும் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கக்கூடாது என்கிற திருத்தம், விடுதலையான அடிமைகளைப் பாதுகாக்க 1868-ல் சேர்த்தது. அதை முதலில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்களில் க்ளான் கைதிகளும் உண்டு! புரூக்ஸ் உத்தரவு போட்டார். ஹோல்டன் அதிபர் கிராண்டிடம் முறையிட, மத்திய அட்டர்னி ஜெனரல் ஆமோஸ் ஏக்கர்மன் சொன்ன பதில்: நீதிபதிக்குக் கீழ்ப்படி. ஆகஸ்டில் கைதிகளை சாலிஸ்பரிக்குக் கொண்டுபோனார்கள். முன்வைக்கச் சாட்சியம் தயாராக இல்லை. புரூக்ஸ் விடுதலை செய்தார். ஊர்வலமாக வீடு திரும்பினார்கள்.

இதற்கு நடுவே ஆகஸ்ட் 4 தேர்தலில் கன்சர்வேடிவ்கள் சட்டமன்றத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கு மறுநாள், கிளர்ச்சி அறிவிப்பே இல்லாத ஆரஞ்சு கவுண்டியில் பத்திரிகை ஆசிரியர் ஜோசையா டர்னரைப் பிடித்துக் கிர்க்கிடம் கொண்டுபோனது ஹோல்டனின் ஆட்கள் செய்த பெரிய முட்டாள்தனம். டிசம்பரில் பதவி நீக்கத் தீர்மானம். எட்டுக் குற்றச்சாட்டுகள். விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் அதே பியர்சன். 1871 மார்ச் 22-ல் ஆறில் குற்றவாளி என்று தீர்ப்பு. அமெரிக்காவில் இப்படிக் குற்றவாளி எனத் தீர்ப்பாகி பதவி இழந்த முதல் மாநில ஆளுநர் ஹோல்டன். 2011-ல் வட கரோலினா செனட் ஒருமனதாக அவருக்கு மன்னிப்பு அளித்தது. அவர் இறந்து 119 வருடம் ஆகியிருந்தது.

ஹோல்டன் அளவுக்கு மீறினார் என்பது அந்தக் காலத்துக் குற்றச்சாட்டு. எனக்கு மாறாகத் தோன்றுகிறது. பாதி அதிகாரத்தோடு முழு வேலைக்கு இறங்கியதுதான் அவர் செய்த தப்பு. ஒரே வருடம் கழித்து என்ன நடந்தது பாருங்கள். காஸ்வெல், அலமான்ஸ் செய்திகளை அமெரிக்க செனட் குழு விசாரித்தது, அதையொட்டி 1871 ஏப்ரலில் கு க்ளக்ஸ் க்ளான் சட்டம் வந்தது. அக்டோபரில் அதிபர் கிராண்ட் தென் கரோலினாவின் ஒன்பது கவுண்டிகளில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தினார். யார்க் கவுண்டியில் நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டார்கள், ஏராளமானோர் தாங்களே வந்து ஒப்புக்கொண்டார்கள். வழக்கு மத்திய நீதிமன்றத்தில், ஜூரி அந்த ஊர் ஜூரி இல்லை. பலருக்குச் சிறை. அதை முன்னின்று நடத்தியவர் முந்தைய ஆண்டு ஹோல்டனைக் கீழ்ப்படியச் சொன்ன அதே ஏக்கர்மன். யார்க்குக்கும் காஸ்வெலுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் துணிச்சல் அல்ல, எந்தக் கோர்ட், எந்த ஜூரி என்பதுதான்.

அப்புறம்

டூர்ஜே விடவில்லை. 1871 கடைசியில் அவுட்லா கொலையில் பலர்மீது, வழக்குக்கு ஆதாரம் போதுமா என்று பார்க்கும் கிராண்ட் ஜூரியிடம் குற்றச்சாட்டு வாங்கினார். சட்டமன்றம் முதலில் அந்த வழக்குக்கு ஆதாரமான சட்டத்தையே ரத்து செய்தது. பிறகு 1873-லும் 1874-லும் ரகசிய அமைப்புகளின் பெயரில் செய்த குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு. 1896-ல் உச்ச நீதிமன்றத்தில் ரயில் பெட்டி இனப்பிரிவினையை எதிர்த்து பிளெஸ்ஸி என்ற கறுப்பினத்தவருக்காக வாதாடித் தோற்ற வக்கீல் இந்த டூர்ஜேதான்.

கவுண்டி அதிகாரத்தின் சாவிக்கும் ஒரு முடிவு வந்தது. 1877 சட்டப்படி கவுண்டி கமிஷனர்களை மக்கள் தேர்ந்தெடுப்பது நின்றது. சட்டமன்றம் மாஜிஸ்திரேட்டுகளை நியமிக்கும், அவர்கள் கமிஷனர்களை எடுப்பார்கள். கறுப்பின வாக்கு இருந்தும் கவுண்டி நிர்வாகத்தில் கை வைக்க முடியாது. இருந்தாலும் காஸ்வெலின் கறுப்பின வாக்காளர்கள் ஒரேயடியாக ஓய்ந்துவிடவில்லை. மிரட்டலுக்கு ஆளான வில்சன் கேரியை அதற்குப் பிறகும் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். வாக்கே பறிபோனது 1900-ல், எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் வந்த திருத்தத்தோடு.

ஜான் லீ நிம்மதியாக வாழ்ந்தார். 1919 ஜூலை 2-ம் தேதி மாநில வரலாற்று ஆணையத்திடம் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். தான் இறந்த பிறகுதான் திறக்கவேண்டும் என்று நிபந்தனை. 1935-ல், தொண்ணூறைத் தாண்டி, இறந்தார். காகிதம் வெளியே வந்தது. காஸ்வெலில் க்ளானை அமைத்தது தானே என்று அதில் இருக்கிறது. உடனிருந்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன. வருத்தம் என்று ஒரு சொல்லும் இல்லை. ஸ்டீபன்ஸ் ஓட்டலையும் புகையிலையையும் எரித்தார் என்று குற்றம் சாட்டிவிட்டு, 12 பேர் கொண்ட ஜூரி முன் அவருக்கு நியாயமான விசாரணை நடந்தது என்கிறார் லீ. குற்றவாளிக் கூண்டில் ஸ்டீபன்ஸ் இல்லாமலே நடந்த விசாரணை அது. தீர்ப்பு சொன்ன தரப்பே தீர்ப்பை நிறைவேற்றவும் செய்தது, அதுவும் அரசு நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில். 76 வயதில் அதை எழுதும்போதும் லீ தன்னைச் சட்டத்தின் பக்கம் நின்றவராகத்தான் நினைத்திருக்கிறார்.